டிரக் கோர்ட் ஜூமுக்குப் போனபோது: 2020 அனுபவங்கள் (விவாத இழை)

ஏரிக்கரை (இழை தொடக்கம்)

போன வாரம் வேறோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "கொரோனாவில் எல்லா கோர்ட்டும் ஜூமில்தான் நடந்தது, இதில் பேச என்ன இருக்கிறது?" சொத்துத் தகராறு ஜூமில் நடப்பதும் டிரக் கோர்ட் (drug court, போதைப் பழக்கம் உள்ளவர்களின் வழக்குகளுக்கான கோர்ட்) ஜூமில் நடப்பதும் ஒன்றில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

நான் அமெரிக்காவில், மிச்சிகனில் ஒரு சின்ன கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கேஸ் மேனேஜர். டிரக் கோர்ட் அனுப்பும் ஆட்களைக் கவனிக்கிற சிகிச்சை மையத்தில் வேலை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முதல் டிரக் கோர்ட் 1989-இல் மயாமியில் தொடங்கியது. கொக்கைன் வழக்கில் பிடிபட்ட அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப உள்ளே போட்டு அலுத்துப்போயிருந்த ஊர் அது. ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை, ஆனால் நீதிபதியின் நேரடிக் கண்காணிப்பில். ஒன்று, ஒன்றரை வருடம் ஓடும். ஆரம்பக் கட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். வாரம் இரண்டு தடவையாவது யூரின் டெஸ்ட். குழு சிகிச்சை, தனி ஆலோசனை, வேலை தேடுவது என்று மற்றவை. ஒழுங்காக இருந்தால் கைதட்டல், பரிசுக் கூப்பன். தவறினால் கண்டிப்பு, சமூகப் பணி, கடைசியில் சில நாள் ஜெயில். முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு விழாவே உண்டு. பல இடங்களில் வழக்கும் தள்ளுபடியாகும். இதே அச்சில் பிறகு மனநல கோர்ட் (1997, ஃபுளோரிடாவின் பிரோவார்ட் கவுண்டி), முன்னாள் படைவீரர்களுக்கான கோர்ட் (2008, பஃபலோ), குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்கான கோர்ட் எல்லாம் வந்தன.

கவனித்தீர்களா, இத்தனையும் ஆள் நேரில் வந்து நிற்பதை நம்பித்தான் ஓடுகிறது. 2020 மார்ச்சில் அதே ஆளை வீட்டை விட்டு வராதே என்று அரசே சொல்லிவிட்டது.

---

கருப்பு அங்கி

நல்ல தலைப்பு அக்கா. நான் சென்னையில் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். ஒரு சந்தேகம். நீதிபதியின் வேலை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது. "போன வாரம் எப்படி இருந்தாய், வேலை கிடைத்ததா" என்று கேட்டுக்கொண்டிருப்பது புரொபேஷன் ஆபீசர் (ஜெயிலுக்கு வெளியே இருப்பவரைக் கண்காணிக்கும் அதிகாரி) வேலையல்லவா? அதைப் போனில் கேட்டால் என்ன, ஜூமில் கேட்டால் என்ன?

---

ஏரிக்கரை

வக்கீல் சார், அந்தப் பேச்சுதான் சார் மருந்தில் பாதி. நீதிபதி ஓர் ஆளோடு சராசரியாக மூன்று நிமிடமாவது பேசுகிற கோர்ட்களில் பலன் நன்றாக இருக்கிறது என்று ஆய்வே இருக்கிறது. டிரக் கோர்ட்களின் தேசியச் சங்கம் (இப்போது ஆல் ரைஸ் என்று பெயர்) வகுத்த தரவிதிகளிலும் அந்த மூன்று நிமிடம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க நீதிபதி வாயிலிருந்து தண்டனையை மட்டுமே கேட்டவனிடம், கறுப்பு அங்கி போட்ட ஒருவர் "உன் மகள் பள்ளியில் சேர்ந்துவிட்டாளா?" என்று கேட்பதற்கு ஒரு கனம் உண்டு.

இன்னொன்று, அறையில் மற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். முந்தாநாள் சேர்ந்தவன், ஒரு வருடம் சுத்தமாக இருப்பவனுக்குக் கிடைக்கும் கைதட்டலைப் பார்க்கிறான். பொய் சொன்னவன் ஜெயிலுக்குப் போவதையும் பார்க்கிறான். தன் முறை வருவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஜூமில் முதலாவது வந்தது. இரண்டாவது வரவில்லை. கட்டம் கட்டமாக முகங்கள், பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டார்கள். கைதட்டச் சொன்னால் எல்லாரும் மியூட்டில் தட்டுவார்கள். சத்தமில்லாமல் கை மட்டும் அசையும். எங்கள் நீதிபதி கொஞ்ச நாளில் "எல்லாரும் மியூட்டை எடுங்கள், நாய் குரைத்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார்.

மிச்சிகனுக்கு ஓர் அதிர்ஷ்டம், மாநில உச்ச நீதிமன்றம் ஜூமை வேகமாகக் கையில் எடுத்துக்கொண்டது. அப்போது தலைமை நீதிபதி பிரிட்ஜெட் மெக்கார்மாக். 2020 ஏப்ரல் 1 முதல் ஜூன் 1 வரை மட்டும் இந்த மாநிலத்தில் 35,000-க்கும் மேற்பட்ட காணொலி விசாரணைகள் நடந்தன. முந்தைய வருடம் அதே இரண்டு மாதத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

---

பைனரி பாண்டி

எல்லாம் சரிங்க அக்கா, யூரின் டெஸ்ட்டை எப்படி ஜூமில் எடுத்தீங்க? :)

---

ஏரிக்கரை

சிரிக்காதீர்கள் தம்பி, 2020 ஏப்ரலில் எங்கள் கூட்டங்களில் பாதி நேரம் இதிலேதான் போனது.

முன்பு நடந்த விதம் இது. தினமும் காலையில் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஒலிப்பதிவு அன்றைய நிறத்தைச் சொல்லும். உங்களுக்குக் கொடுத்த நிறம் வந்தால் அன்றைக்கே போய், ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாதிரி கொடுக்க வேண்டும். எந்த நாள் என்று தெரியாததுதான் அதன் பலமே. ஊரடங்கில் பரிசோதனை மையங்கள் மூடின. திறந்திருந்த இடத்திலும் பக்கத்தில் நின்று பார்க்க ஊழியருக்குப் பயம்.

மாற்று வழிகள் சில வந்தன. எச்சில் பரிசோதனைக் குச்சியைத் தபாலில் அனுப்பி, வீடியோவில் பார்த்துக்கொண்டே வாயில் வைக்கச் சொல்வது. தோளில் ஒட்டும் வியர்வைப் பட்டை, அதை ஒரு வாரம் பத்து நாள் போட்டிருக்கலாம். மதுவுக்கு, ஊதும்போது முகத்தைப் படம் பிடித்து அனுப்பும் கைக்கருவி, கணுக்கால் பட்டை. எல்லாவற்றுக்கும் குறை உண்டு. எச்சிலில் போதைப்பொருள் தங்கும் நேரம் சிறுநீரைவிடக் குறைவு. பட்டைக்கும் கருவிக்கும் பணம் யார் கட்டுவது? சில இடங்களில் அந்தச் செலவைப் பங்கேற்பவர் தலையிலேயே கட்டினார்கள். வேலை போன காலத்தில்!

வீடியோவில் எச்சில் எடுக்கும்போது நான் சொல்வது: "கேமராவை மேஜையில் வையுங்கள், இரண்டு கையும் எனக்குத் தெரிய வேண்டும், வாயைத் திறந்து காட்டுங்கள், இப்போது குச்சியை வையுங்கள்." குச்சி நனைந்து நிறம் மாறும்வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் ஆட்கள் மனம் விட்டுப் பேசினார்கள்.

---

நர்ஸ் செல்வி

நியூஜெர்சியிலிருந்து. மெத்தடோன் கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். இந்த விஷயத்தில் மருந்துப் பக்கம் நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஹெராயின், ஃபென்டனில் போன்ற அபின் வகைப் போதைப் பழக்கத்துக்கு மருந்தாக மெத்தடோன் கொடுப்போம். தினமும் வந்து எங்கள் கண் முன்னால் குடிக்க வேண்டும், விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். பழைய விதிப்படி முதல் 90 நாளில் வாரத்துக்கு ஒரு டோஸ்தான் வீட்டுக்குக் கொடுக்கலாம் (கிளினிக் மூடியிருக்கும் நாளுக்கானது தனி). 28 நாள் மருந்தை மொத்தமாக எடுத்துப் போக இரண்டு வருடம் ஒழுங்காக வந்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் மத்திய அரசின் போதைச் சிகிச்சை நிர்வாகம் (சாம்சா) ஒரே உத்தரவில் அதைத் தளர்த்தியது. நிலையாக இருப்பவருக்கு 28 நாள், மற்றவருக்கு 14 நாள் வரை. அதே மாதக் கடைசியில் பியூப்ரினார்பின் என்ற இன்னொரு மருந்தை (அதே பழக்கத்துக்குக் கொடுப்பது) நேரில் பார்க்காமல், போனில் பேசியே தொடங்கலாம் என்று அனுமதி வந்தது. எங்களில் பலருக்கு நடுக்கம். விற்றுவிடுவார்கள், ஒரே நாளில் குடித்துச் செத்துவிடுவார்கள், குழந்தை எடுத்துக் குடித்துவிடும் என்று. பூட்டுப் பெட்டி வைத்திருக்கிறாயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கொடுத்தோம்.

பிறகு வந்த கணக்குகளைப் பார்த்தால், போதை மிகையால் (ஓவர்டோஸ்) இறந்தவர்களில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவர்களின் பங்கு கூடவில்லை. 2024 பிப்ரவரியில் அந்தத் தளர்வையே நிரந்தர விதியாக்கிவிட்டார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். இத்தனை வருடம் தினமும் விடியலில் அவர்களை எதற்கு வரிசையில் நிறுத்தினோம்? அந்த நேரத்துக்கு வர முடியாமல் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர்?

---

கருப்பு அங்கி

செல்வி அக்கா சொல்வது மருந்து. நான் கோர்ட்டுக்கே வருகிறேன். திரை நடுநிலையானது என்று எல்லாரும் நம்புவதுதான் ஆபத்து.

சிகாகோவைச் சேர்ந்த குக் கவுண்டியில் 1999-இல் ஜாமீன் விசாரணைகளை மூடிய சுற்று டிவிக்கு மாற்றினார்கள். கைதி வேறு அறையில், நீதிபதி வேறு அறையில். பிறகு செய்த ஆய்வில், டிவிக்கு மாறிய குற்றவகைகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் ஏறியிருந்தது. நேரில் நடந்துகொண்டிருந்த வழக்குகளில் அப்படி ஏறவில்லை. அந்த முறையையே 2008-இல் கைவிட்டார்கள். ஆளை எதிரில் பார்க்கும்போது வரும் இரக்கம் திரையில் வராது என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

---

ஏரிக்கரை

அந்த ஆய்வு எனக்கும் தெரியும் சார், தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த ஜாமீன் விசாரணைகள் சில நொடியில் முடிந்தவை, நீதிபதிக்கு ஆளை முன்பின் தெரியாது. எங்கள் நீதிபதிக்கு ஒவ்வொருவரும் மாதக்கணக்கில் பழக்கம். கோர்ட் கூடுவதற்கு முன்பே குழுவாக உட்கார்ந்து (வக்கீல், அரசுத் தரப்பு, சிகிச்சையாளர், புரொபேஷன் ஆபீசர்) ஒவ்வொருவரைப் பற்றியும் பேசிவிடுவோம். பழகிய முகத்தைத் திரையில் பார்ப்பது வேறு.

புதிதாகச் சேர்ந்தவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. 2020 கோடையில் சேர்ந்தவர்கள் பலரிடம் அந்தப் பிடிப்பு வரவேயில்லை.

ஆனால் திரை எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய விஷயம் வேறு. எங்கள் கவுண்டியில் பஸ் என்பது பேருக்குத்தான். பங்கேற்பவர்களில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டும் உரிமமே ரத்து. கோர்ட்டுக்கு வராதவன் என்று பேர் வாங்கினால் பெஞ்ச் வாரண்ட் (ஆஜராகாதவரைப் பிடித்து வர நீதிபதி போடும் உத்தரவு), சில நாள் ஜெயில். 'விருப்பமில்லாதவன்' என்று கோப்பில் ஏறிவிடும். அப்படிப் பேர் வாங்கிய ஒருவர், ஜூம் வந்த பிறகு ஒரு விசாரணையைக்கூட விடவில்லை. கிடங்கில் வேலை, மதிய இடைவேளையில் பார்க்கிங்கில் யாருடைய காரிலோ உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு நீதிபதியிடம் பேசுவார். அவருக்கு விருப்பம் இல்லாமல் இல்லை, வருவதற்கு வண்டிதான் இல்லை. அதை இத்தனை நாள் நாங்கள் ஒழுங்கீனம் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

---

பைனரி பாண்டி

அப்ப ஜூம்தான் நல்லதுன்னு முடிச்சிடலாமே?

---

பெயர் வேண்டாம்

முடிக்க வேண்டாம் தம்பி.

டெக்சஸ். என் சொந்தக்காரர் ஒருவர் குடித்து வண்டி ஓட்டிய வழக்கில் இந்த மாதிரி கோர்ட்டில் இருந்தார். எந்த ஊர், எந்த கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. ஊரிலிருந்து வந்த அவர் அப்பா அம்மா விமானம் இல்லாமல் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட். வழக்கு விஷயம் பெரியவர்களுக்குத் தெரியாது. குழு சிகிச்சை, நீதிபதி, எல்லாம் அந்த ஒரே அறையில் லேப்டாப்பில். "என் குடிப்பழக்கம்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதுகூடக் குரலை இறக்குவார். சிகிச்சையாளர் "நீங்கள் மனம் திறப்பதில்லை" என்று குறிப்பு எழுதினார். மனிதன் எப்படித் திறப்பான், கதவுக்கு வெளியே அம்மா காபியோடு நிற்கும்போது?

நேரில் கோர்ட் இருந்தபோது "ஆபீஸ் மீட்டிங்" என்று சொல்லிவிட்டுப் போய் மனம் விட்டுப் பேசிவிட்டு வருவார். அந்தக் கோர்ட் கட்டடம் அவருக்கு ஓர் ஒதுங்கிடம்.

இன்னொரு பயமும் இருந்தது. டெக்சஸில் நிறைய விசாரணைகளை யூடியூபில் நேரலையாக விட்டார்கள், பொதுமக்கள் பார்க்கும் உரிமைக்காக. தன் கோர்ட்டையும் விட்டுவிடுவார்களோ என்று தூக்கமில்லாமல் இருந்தார். விடவில்லை, அது வேறு.

---

நர்ஸ் செல்வி

போதைச் சிகிச்சைக் குறிப்புகளுக்கென்று அமெரிக்காவில் தனி மத்திய ரகசிய விதியே உண்டு, சாதாரண மருத்துவக் குறிப்பைவிடக் கடுமையானது. நேர் கோர்ட்டிலும் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒருவர் மெனக்கெட்டு வர வேண்டும். யூடியூபில் பழைய பள்ளித் தோழன் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்ப்பான், துண்டு வெட்டி அனுப்புவான்.

---

கருப்பு அங்கி

குடும்ப வன்முறை வழக்குகளை யாரும் இன்னும் சொல்லவில்லையே. 2021 மார்ச்சில் ஏரிக்கரை அக்காவின் மிச்சிகனிலேயே நடந்தது. ஜூம் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, சாட்சி சொல்லும் பெண் பயந்து பயந்து பேசுவதையும் பக்கத்தில் பார்ப்பதையும் அரசு வழக்கறிஞர் கவனித்தார். சந்தேகப்பட்டு போலீஸை அனுப்பினால், குற்றம் சாட்டப்பட்டவன் அதே வீட்டில் இருந்துதான் ஜூமில் இணைந்திருக்கிறான். சாட்சியை நெருங்கக் கூடாது என்பது அவன் ஜாமீன் நிபந்தனை. கோர்ட் அறையில் இது நடக்க முடியுமா? இருவருக்கும் நடுவில் காவலர் நிற்பார்.

---

ஏரிக்கரை

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை சார். குடும்ப வன்முறைக் கோர்ட்டில் ஆள் எங்கே இருக்கிறான் என்பதுதான் வழக்கே. டிரக் கோர்ட்டையும் அதையும் ஒரே தட்டில் வைத்து "தொலைவழி நல்லதா கெட்டதா" என்று கேட்பதே தவறு.

படைவீரர் கோர்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஃபலோவில் தொடங்கியதிலிருந்தே அதன் உயிர், கூட வந்து உட்காரும் தன்னார்வத் துணைவர்கள்தான். அவர்களும் முன்னாள் ராணுவத்தினர். வராந்தாவில் சிகரெட் பிடித்துக்கொண்டே "எங்கே போஸ்டிங் இருந்தாய்?" என்று தொடங்கும் பேச்சு அது. ஜூமில் வராந்தா ஏது? தனி அறை பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்தப் பக்கம் வேலை செய்யும் தோழி சொன்னாள்.

---

கோவைக்காரி

படித்துக்கொண்டே வந்தேன். இந்தியாவில் இப்படி ஏதும் இருக்கிறதா?

---

கருப்பு அங்கி

இதே வடிவத்தில் இல்லை. என்டிபிஎஸ் சட்டத்தில் (இந்தியாவின் போதைப்பொருள் சட்டம்) 64-ஏ பிரிவு இருக்கிறது: போதைக்கு அடிமையானவர், சிறிய அளவு அல்லது உட்கொண்டது தொடர்பான வழக்கில், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பேசும் நீதிபதி அதில் இல்லை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

---

பைனரி பாண்டி

சரி, சாவு எண்ணிக்கை என்ன சொல்லுது? கடைசியில அதுதானே கணக்கு.

---

நர்ஸ் செல்வி

அமெரிக்காவில் போதை மிகையால் இறந்தவர்கள் 2019-இல் 70,630 பேர். 2020-இல் 91,799. ஆனால் இதை ஜூம் தலையில் கட்டக் கூடாது. ஃபென்டனில் எல்லாவற்றிலும் கலந்து பரவிக்கொண்டிருந்த காலம் அது. தனிமை, வேலையின்மை, மூடிய சிகிச்சை மையங்கள் என்று எல்லாம் ஒன்றாக வந்தன. தனியாக இருப்பவன் மயங்கி விழுந்தால் நலாக்சோன் (ஓவர்டோஸை முறிக்கும் மருந்து) அடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் போனதும் அப்படித்தான்.

---

ஏரிக்கரை

இதனோடு இன்னொன்று. ஜெயிலில் கொரோனா பரவியதால், சின்னத் தவறுக்குச் சில நாள் உள்ளே போடும் வழக்கத்தைப் பல கோர்ட்கள் நிறுத்திவைத்தன. எங்களிடம் கட்டுரை எழுதச் சொல்வது, வீட்டிலேயே இருக்கச் சொல்லும் நேரக் கட்டுப்பாடு, கூடுதல் ஜூம் கூட்டம் என்று மாற்றினோம். ஜெயில் பயம் போனால் ஆட்டம் முடிந்தது என்று சொன்னவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். அப்படி ஒன்றும் எல்லாரும் கையை விட்டுப் போய்விடவில்லை. சிலர் போனார்கள், அவர்கள் ஜெயில் இருந்தபோதும் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

பட்டமளிப்பை மட்டும் ஜூமில் செய்ய எங்கள் நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. கோர்ட் வாகன நிறுத்தத்தில் வரிசையாகக் கார்கள், முகக்கவசத்தோடு நீதிபதி ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சான்றிதழ் நீட்டினார். கைதட்டலுக்குப் பதில் ஹாரன். பக்கத்துத் தெருக்காரர்கள் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார்கள்!

---

பெயர் வேண்டாம்

இப்போது எப்படி நடக்கிறது அக்கா?

---

ஏரிக்கரை

கலந்துதான். முதல் கட்டத்தில் இருப்பவர்கள் நேரில் வர வேண்டும். மேல் கட்டத்துக்குப் போனவர்கள், வேலையில் இருப்பவர்கள் ஒன்றுவிட்டு ஒன்று ஜூமில் வரலாம். டெஸ்ட் பழையபடி மையத்தில். தனி ஆலோசனை பெரும்பாலும் வீடியோவில், யாருமே திரும்பி வர விரும்பவில்லை. வீட்டில் தனிமை இல்லை என்று சொல்பவர்களுக்கு மையத்தில் ஓர் அறையும் கணினியும் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் சொந்தக்காரருக்கு அப்போது அது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குறை இன்னும் இருக்கிறது. முன்பு காரில்லாதவன் 'வராதவன்' ஆனான். இப்போது மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தவன் ஆகிறான். அரசின் இலவசப் போன் திட்டத்தில் வரும் டேட்டா வீடியோவில் கரைந்துவிடும். போன மாதம் ஒருவர் துரித உணவுக் கடை வாசலில் நின்று அவர்களுடைய வைஃபையில் இணைந்தார். கடைக்காரர் விரட்டினார், இணைப்பு அறுந்தது.

---

கருப்பு அங்கி

அவருக்கு வாரண்ட் போட்டார்களா?

---

ஏரிக்கரை

நீதிபதி போடப் போனார். நான் எழுந்து சொன்னேன், கடைப் பெயரையும் சொன்னேன். பத்து நிமிடம் பொறுத்தார்கள், அவர் சாதாரண அழைப்பில் வந்து பேசினார். குழுவில் வாய் திறக்க ஆள் இல்லாத கோர்ட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

---

கருப்பு அங்கி

வாரண்ட்தான். அதனால்தான் சொல்கிறேன், இணைப்பு அறுந்தால் அதை ஆஜராகாததாகக் கணக்கிடக் கூடாது என்று எழுத்தில் விதி வேண்டும். நல்ல நீதிபதி கிடைப்பதை நம்பி ஓடும் ஏற்பாடு எனக்குச் சரிப்படவில்லை.

---

ஏரிக்கரை

எங்கள் கையேட்டில் அந்த வரி இல்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கிறேன். வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள் சார், மொழிபெயர்த்துக் கொண்டு போகிறேன்.